யூஸ்டஸ் வான் லீபிக்

யூஸ்டஸ் வான் லீபிக் (மே 12, 1803 – ஏப்ரல் 18, 1873) ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். கரிம வேதியியல், வேளாண் வேதியியல், உணவு வேதியியல் ஆகிய துறைகளுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை 1846 இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் இவரே. தசையில் உள்ள கிரியாட்டின் என்னும் பொருளைப் பற்றி முதலில் விரிவாக ஆராய்ந்தவரும் இவரே. இன்று விளையாட்டு வீரர்களும் உடற்பயிற்சி செய்வோரும் உட்கொள்ளும் புரதத்தூள், அமினோ அமிலம், கிரியாட்டின் போன்ற துணையுணவுகளின் வரலாறு பெரும்பாலும் இவருடைய ஆய்வுகூடத்திலிருந்தே தொடங்குகிறது. தசை வேலை செய்யும்போது தன் புரதத்தையே எரித்து ஆற்றல் பெறுகிறது என்று இவர் கூறிய கொள்கை தவறு என்று இவர் வாழ்நாளிலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

இளமை

லீபிக் 1803 ஆம் ஆண்டு டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். தந்தை யோஹான் கேயார்க் லீபிக் வண்ணப்பொருள்கள், மருந்துச் சரக்குகள் முதலியவற்றை விற்கும் வணிகர். அவற்றுள் சிலவற்றைக் கடையின் பின்புறமே தயாரிப்பதும் உண்டு. லீபிக்கின் முதல் வேதியியல் பாடம் அங்கேதான் நிகழ்ந்தது. பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. வெடிக்கும் தன்மையுள்ள பல்மினேட்டு உப்புகளைச் செய்து பார்ப்பதில் சிறுவயதிலேயே பெரும் ஆர்வம் கொண்டிருந்தார்.

பின்னர் ஹெப்பன்ஹைம் என்னும் ஊரில் ஒரு மருந்தாளுநரிடம் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார். தங்கியிருந்த அறையில் வெடிவிபத்து ஏற்படுத்தியதால் வெளியேற்றப்பட்டார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தந்தையால் பயிற்சிக் கட்டணம் செலுத்த இயலாமற் போனதே உண்மையான காரணமாக இருக்கலாம் என்றும் கருதுவர். 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816 இல் ஐரோப்பாவில் கோடைக்காலமே இல்லாமற் போயிற்று. பயிர்கள் அழிந்து பஞ்சம் ஏற்பட்டபோது லீபிக்குக்கு வயது 13. பிற்காலத்தில் உணவு உற்பத்தியிலும் ஊட்டத்திலும் அவர் காட்டிய அக்கறைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

பான் பல்கலைக்கழகத்திலும் பின்னர் எர்லாங்கன் பல்கலைக்கழகத்திலும் காஸ்ட்னர் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். ஹெஸ்ஸே நாட்டின் பெருங்கோமகன் அளித்த உதவித்தொகையுடன் 1822 இல் பாரிசு சென்றார். அங்கு அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டின் பரிந்துரையால் கே-லுசாக்கின் தனி ஆய்வுகூடத்தில் பணியாற்றும் வாய்ப்புக் கிட்டியது. அளந்து பார்க்காத எதையும் நம்பக்கூடாது என்ற பழக்கம் அவருக்கு அங்கேதான் ஏற்பட்டது. (தசை பற்றிய ஆய்வில் இந்தப் பழக்கத்தை அவர் கைவிட்டுவிட்டார் என்பதைப் பின்னர் காணலாம்.)

கீசென் ஆய்வுகூடம்

1824 இல், 21 ஆம் வயதில், கீசென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். 1826 இல் ஹென்ரியேட்டே மோல்டன்ஹவர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். சிறிய ஊராகிய கீசெனில் லீபிக் அமைத்த ஆய்வுகூடம் விரைவில் உலகெங்கிலுமிருந்து மாணவர்களை ஈர்த்தது. அதுவரை வேதியியல் பெரும்பாலும் சொற்பொழிவு கேட்டுக் கற்கும் பாடமாகவே இருந்தது. லீபிக்கின் ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு மாணவரும் தாமே சோதனை செய்து கற்றார். ஹோஃப்மன், கெக்குலே, வூர்ட்ஸ், ஃபிராங்க்லாண்ட், பிளேஃபேர் ஆகியோர் இங்குப் பயின்றவர்களுள் சிலர்.

1831 இல் லீபிக் ஐந்து குமிழ்களைக் கொண்ட ஒரு கண்ணாடிக் கருவியை வடிவமைத்தார். கரிமப் பொருளை எரிக்கும்போது வெளிவரும் கரியமில வாயுவை அக்குமிழ்களில் உள்ள பொட்டாசியம் ஐதராக்சைடுக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் கருவியை எடைபோட்டால் பொருளில் எவ்வளவு கார்பன் இருந்தது என்று தெரிந்துவிடும். இறைச்சி, இரத்தம், பால், மாவு என உடலோடு தொடர்புடைய எல்லாவற்றையும் பகுத்தாராய இது வழிவகுத்தது. அமெரிக்க வேதியியல் கழகத்தின் சின்னத்தில் இக்கருவி இன்றும் இடம்பெற்றுள்ளது.

நண்பர் வோலருடன் இணைந்து 1832 இல் பென்சாயில் தொகுதி பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஒரே அணுக்கள் ஒரே எண்ணிக்கையில் இருந்தும் இரு பொருள்கள் வேறுபட்ட பண்புகளைக் கொண்டிருக்க முடியும் என்பது இவர்கள் இருவரின் தொடக்ககால ஆய்வுகளிலிருந்தே தெரியவந்தது.

புரதமும் டைரோசினும்

புரதம் என்ற கருத்து உருவான காலத்தில் லீபிக் அதன் மையத்தில் இருந்தார். புரோட்டீன் என்ற பெயர் 1838 இல் டச்சு வேதியியலாளர் முல்டரால் வெளியிடப்பட்டது. அப்பெயரைப் பரிந்துரைத்தவர் சுவீடனின் பெர்சேலியஸ். முட்டையின் வெண்கரு, இரத்தத்தின் நார்ப்பொருள், பாலின் கேசீன் ஆகிய அனைத்திற்கும் ஒரே அடிப்படைப் பொருள் உண்டு என்பது முல்டரின் கருத்து. லீபிக் முதலில் இதை ஏற்றுக்கொண்டார். பின்னர்த் தம் ஆய்வுகூடத்தில் அதனை உறுதிப்படுத்த இயலாததால் 1846 இல் கடுமையாக எதிர்த்தார். இருவருக்கும் இடையே நடந்த வாதம் நாகரிக எல்லையைக் கடந்தது. லீபிக்கின் இயல்பு அத்தகையது: அவருடைய பகைகள் அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு நிகராகப் பேசப்பட்டன.

அதே 1846 இல் பாலாடைக்கட்டியின் கேசீனைப் பொட்டாசியம் ஐதராக்சைடுடன் சேர்த்து உருக்கி, வெண்மையான ஊசிவடிவப் படிகங்களைப் பிரித்தெடுத்தார். பாலாடைக்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு டைரோசின் என்ற பெயர் வந்தது. லியூசின் இதற்கு முன்பே, 1819 இல் புரூஸ்டால் பாலாடைக்கட்டியிலிருந்தும் 1820 இல் பிராக்கோனோவால் தசைநாரிலிருந்தும் பெறப்பட்டிருந்தது. ஆயினும் புரதங்கள் அமினோ அமிலங்களின் நீண்ட தொடர்களே என்பது அன்று எவருக்கும் தெரியாது. அது தெளிவாக இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நரியும் கிரியாட்டினும்

கிரியாட்டினை 1830களில் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரெல் இறைச்சியிலிருந்து கண்டுபிடித்திருந்தார். வேறு சிலர் அதைத் தேடிக் காணாததால் அது உண்மையில் தசையில் உள்ளதா என்ற ஐயம் நிலவியது. லீபிக் பெருமளவு இறைச்சியைக் கொண்டு ஆராய்ந்து, பல விலங்குகளின் தசையில் அது எப்போதும் உள்ளது என்று 1847 இல் அறிவித்தார். அதே ஆய்வின்போது கிரியாட்டினின், சார்க்கோசின், இனோசினிக் அமிலம் ஆகியவற்றையும் கண்டறிந்தார்.

இவ்வாய்வில் அவர் குறிப்பிட்ட ஒரு செய்தி பெரிதும் கவனிக்கத்தக்கது. வேட்டையில் ஓட ஓடத் துரத்திக் கொல்லப்பட்ட நரிகளின் தசையில், கூண்டில் அடைத்து இறைச்சி கொடுத்து வளர்க்கப்பட்ட நரியின் தசையில் இருப்பதைப்போல் பத்து மடங்கு கிரியாட்டின் இருந்தது. ஆகவே தசையின் உழைப்புக்கும் கிரியாட்டினுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அத்தொடர்பு எத்தகையது என்பது 80 ஆண்டுகளுக்குப் பின்பே விளங்கியது. 1927 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்கே, எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆகிய இருவரும் தசையில் கிரியாட்டின் பாஸ்பேட்டு வடிவில் இருப்பதையும், தசை சுருங்கும்போது அது பிளவுபட்டு ஓய்வின்போது மீண்டும் உருவாவதையும் கண்டனர். இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் அதே ஆண்டில் இப்பொருளைக் கண்டறிந்தனர். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தசையின் எரிபொருள் பற்றிய கொள்கை

1842 இல் லீபிக் விலங்கு வேதியியல் பற்றிய நூலை வெளியிட்டார். அதில் உணவுகளை இரண்டாகப் பிரித்தார். நைட்ரஜன் உள்ளவை (புரதங்கள்) உடலைக் கட்டுபவை. நைட்ரஜன் இல்லாதவை (மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு) மூச்சுடன் சேர்ந்து எரிந்து உடல் வெப்பத்தைத் தருபவை. இதுவரை கருத்து எளியது, ஓரளவு சரியானதும் ஆகும். அடுத்த படியில்தான் பிழை நேர்ந்தது. தசை புரதத்தால் ஆனது. ஆகவே அது வேலை செய்யும்போது தன்னையே செலவழிக்கிறது. செலவழிந்த அளவைச் சிறுநீரில் உள்ள யூரியா காட்டும். செலவை ஈடுகட்டுவது உண்ணும் புரதம் மட்டுமே என்றார் லீபிக். இதற்கு அவர் நேரடியான சோதனை எதுவும் செய்து பார்க்கவில்லை. மனிதனின் உழைப்பையோ உழைத்தபின் வெளியேறும் யூரியாவையோ அளக்கவும் இல்லை.

இக்கொள்கையின் விளைவு பெரியது. கடினமாக உழைப்பவனுக்கு இறைச்சி வேண்டும், மாவுணவு போதாது என்பது அறிவியல் உண்மையாகவே ஏற்கப்பட்டது. சிறைச்சாலை, படை, தொழிற்சாலை ஆகியவற்றுக்கான உணவுத் திட்டங்கள் இந்த அடிப்படையில் விவாதிக்கப்பட்டன. போட்டிக்குத் தயாராகும் ஓட்டக்காரருக்கும் படகோட்டிக்கும் மாட்டிறைச்சியைத் திணிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. இப்போது அதற்கு ஒரு பேராசிரியரின் ஆதரவும் கிடைத்தது.

ஐயங்கள் மெல்ல எழுந்தன. இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்மித் சிறைக்கைதிகள் மிதியுருளையில் உழைத்தபோது அளந்து, அவர்கள் வெளிவிடும் கரியமில வாயு மிகுவதையும் யூரியா அவ்வாறு மிகாததையும் கண்டார். மியூனிக்கில் கார்ல் வாய்ட், ஓடவைத்த நாயின் யூரியாவும் படுத்திருந்த நாயின் யூரியாவும் ஏறத்தாழச் சமமாகவே இருப்பதைக் கண்டார். வாய்ட் லீபிக்கை மதித்துப் போற்றியவர். ஆகவே கொள்கையைக் கைவிடாமல், அதனோடு தம் முடிவைப் பொருத்திக்காட்டவே முயன்றார்.

ஃபவுல்ஹார்ன் மலையேற்றம்

கொள்கையை வீழ்த்தியது ஒரு மலையேற்றம். சூரிச்சில் பணியாற்றிய உடலியங்கியலாளர் அடால்ஃப் ஃபிக், வேதியியலாளர் யோஹான்னஸ் விஸ்லிசேனஸ் ஆகிய இருவரும் 1865 ஆகஸ்ட் 30 அன்று பிரியென்ஸ் ஏரிக்கரையிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலைமீது ஏறினர். முந்தைய நாள் நண்பகலிலிருந்தே புரதம் இல்லாத உணவையே உண்டனர். கொழுப்பில் பொரித்த மாவுப் பணியாரமும் சர்க்கரை சேர்த்த தேநீரும் அவர்களின் உணவு. ஏறும்போதும் ஏறி முடித்தபின் ஆறு மணிநேரம் வரையிலும் சிறுநீரைச் சேகரித்து, அதில் உள்ள நைட்ரஜனை அளந்தனர்.

அவர்களின் கணக்கு எளிமையானது, மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். ஏறிய உயரம் 1,956 மீட்டர் என்று கொண்டனர். ஃபிக்கின் எடை 66 கிலோகிராம். எனவே தம் உடலை உயர்த்த அவர் செய்த வேலை மட்டும் 1,29,096 கிலோகிராம்-மீட்டர். விஸ்லிசேனஸின் எடை 76 கிலோகிராம்; அவர் செய்த வேலை 1,48,656 கிலோகிராம்-மீட்டர். நைட்ரஜன் அளவிலிருந்து ஒவ்வொருவர் உடலிலும் சிதைந்த புரதம் ஏறத்தாழ 37 கிராம் என்று தெரிந்தது. இவ்வளவு புரதம் இத்தனை வேலையைத் தர முடியுமா?

இக்கேள்விக்கு விடைகாணப் புரதம் எரியும்போது வெளிப்படும் வெப்பம் தெரிந்திருக்க வேண்டும். அதனை அன்று எவரும் சரியாக அளந்திருக்கவில்லை. ஃபிக்கின் தமக்கையை மணந்திருந்தவரும் ஒருகாலத்தில் லீபிக்கிடமே பயின்றவருமான எட்வர்டு ஃபிராங்க்லாண்ட் 1866 இல் லண்டனில் அதனை அளந்தார். அவருடைய அளவின்படி உடலில் ஒரு கிராம் புரதம் தருவது 4.4 கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவு. 37 கிராம் புரதம் தருவது ஏறத்தாழ 160 கிலோகலோரி. ஃபிக் ஏறிய ஏற்றத்துக்கு மட்டும் 300 கிலோகலோரிக்கு ஈடான வேலை தேவை. இதயத்துடிப்பு, மூச்சு, தடுமாறிய அடிகள் எதுவும் இதில் சேரவில்லை. தசை தான் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் தேவை 1,200 கிலோகலோரியைத் தாண்டும். எனவே மீதி ஆற்றல் முழுவதும் மாவுச்சத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வந்திருக்க வேண்டும்.

இரண்டே மனிதர்கள், ஒரே நாள் என்பதால் இச்சோதனையைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் கணக்கில் உள்ள இடைவெளி மிகப் பெரியது. அளவீட்டுப் பிழைகளால் அதனை நிரப்ப இயலாது.

லீபிக் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1870 இல் எழுதிய நீண்ட கட்டுரையில், யூரியா தசை உழைப்பின் அளவுகோல் அல்ல என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் ஆற்றலின் ஊற்று தசையின் நைட்ரஜன் பொருள்களே என்ற நிலையிலிருந்து அவர் மாறவில்லை. அவருக்குத் துணைநின்றவர்களும் இருந்தனர். 1870 இல் நியூயார்க்கில் எட்வர்டு பெய்சன் வெஸ்டன் என்னும் புகழ்பெற்ற நெடுநடை வீரர் ஐந்து நாள்களில் 300 மைலுக்கு மேல் நடந்தபோது, ஆஸ்டின் ஃபிளின்ட் அவருடைய உணவையும் கழிவையும் அளந்து, உண்டதைவிட மிகுதியான நைட்ரஜன் வெளியேறியதாகக் கூறினார். 1876 இல் லண்டனில் பேவி அதே வெஸ்டனை மீண்டும் ஆராய்ந்து, நைட்ரஜன் மிகுவது உண்மை, ஆனால் அது நடையின் ஆற்றலுக்குப் போதாது என்று காட்டினார். விளையாட்டு வீரர் ஒருவரின் ஊட்டத்தை அளந்து ஆராய்ந்த தொடக்ககால ஆய்வுகளுள் இவை அடங்கும்.

இறைச்சிச் சாரம்

1847 ஆம் ஆண்டு ஆய்வின் உடன்விளைவாக, இறைச்சியை நீரிட்டு வடித்துச் சுண்டக்காய்ச்சிய கெட்டியான சாரம் ஒன்றை லீபிக் விவரித்திருந்தார். ஏறத்தாழ 30 கிலோகிராம் இறைச்சியிலிருந்து ஒரு கிலோகிராம் சாரமே கிடைத்தது. ஐரோப்பாவில் இறைச்சியின் விலையைக் கருதினால் இதை வணிகமாக நடத்த இயலாது. அக்காலத்தில் தென் அமெரிக்காவில் மாடுகள் தோலுக்காகவே கொல்லப்பட்டன. இறைச்சி பெரும்பாலும் வீணாயிற்று. கேயார்க் கிறிஸ்டியன் கீபெர்ட் என்னும் பொறியாளர் 1862 இல் லீபிக்கை அணுகி, உருகுவே நாட்டின் ஃபிரே பென்டோஸ் என்னுமிடத்தில் தயாரிக்கத் தொடங்கினார். 1865 இல் லண்டனில் லீபிக் இறைச்சிச் சார நிறுவனம் பதிவாயிற்று. லீபிக் தம் பெயரைப் பயன்படுத்த இசைந்து, சரக்கின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பையும் ஏற்றார்.

சாரம் நோயாளிகள், படைவீரர்கள், பயணிகள் எனப் பலரையும் சென்றடைந்தது. ஆனால் கொழுப்பும் கரையாத புரதமும் வடித்து நீக்கப்பட்டபின் எஞ்சுவது உப்புகளும் கிரியாட்டின் போன்ற சிறு மூலக்கூறுகளும் சுவையுமே. தசையைக் கட்டும் பொருள் புரதமே என்று கூறியவரின் பெயரிலேயே புரதம் மிகக்குறைந்த ஒரு பொருள் வலுவூட்டும் உணவாக விற்கப்பட்டது என்பது வியப்புக்குரியது. மருத்துவர்கள் பலர் இதனைச் சுட்டிக்காட்டினர். லீபிக்கும் இறுதி ஆண்டுகளில், சாரம் இறைச்சிக்கு மாற்றன்று, பிற உணவோடு சேர்த்துக்கொள்ளும் துணைப்பொருளே என்ற அளவுக்கு இறங்கி வந்தார். விளம்பரங்கள் இறங்கி வரவில்லை. இதே நிறுவனத்தின் ஆக்ஸோ என்னும் மலிவான நீர்மச் சாரம் 1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டக்காரர்களுக்கு வழங்கப்பட்டது.

பிற பணிகள்

1840 இல் வெளிவந்த வேளாண் வேதியியல் நூல், பயிர்கள் மண்ணிலிருந்து தாதுப்பொருள்களைப் பெறுகின்றன என்பதைப் பரப்பியது. மிகக் குறைவாக உள்ள சத்தே விளைச்சலை வரம்பிடும் என்ற விதி இவர் பெயரால் வழங்குகிறது. இதனை முன்பே கூறியவர் கார்ல் ஸ்பிரெங்கல். 1845 இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த இவருடைய உரம், மழையில் கரைந்துபோகாதபடி செய்யப்பட்டதால் பயிருக்கும் கிடைக்காமல் தோல்வியுற்றது. குளோரோஃபார்மை 1831 இல் தனித்துக் கண்டறிந்த மூவருள் இவரும் ஒருவர். கண்ணாடியில் வெள்ளி பூசி ஆடி செய்யும் முறையும், தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கான உணவும் இவருடைய பிற ஆக்கங்கள். நொதித்தல் உயிர்களின் செயல் என்ற பாஸ்டரின் கருத்தை இறுதிவரை ஏற்கவில்லை.

இன்றைய நோக்கில்

நெடுநேர உடலுழைப்பில் புரதத்திலிருந்து கிடைக்கும் ஆற்றல் பொதுவாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. இவ்வகையில் ஃபிக்கும் விஸ்லிசேனஸும் கூறியதே நிலைபெற்றது. ஆனால் பயிற்சிக்குப் பின் தசை தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளப் புரதம் தேவை என்பதில் லீபிக்கின் முதற்கருத்து பிழைபடவில்லை. உடலால் உருவாக்க இயலாத ஒன்பது அமினோ அமிலங்கள் உணவிலிருந்தே வரவேண்டும். அவற்றுள் கடைசியாகக் கண்டறியப்பட்ட திரியோனினை 1930களில் அமெரிக்காவின் வில்லியம் ரோஸ் கண்டுபிடித்தார். லீபிக்கின் டைரோசின் இவ்வொன்பதில் சேராது. உடல் அதனைப் ஃபீனைல்அலனினிலிருந்து ஆக்கிக்கொள்கிறது.

லியூசின் தசைப்புரத உருவாக்கத்தைத் தூண்டுகிறது. எனவே லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகிய மூன்றையும் மட்டும் கலந்து துணையுணவாக விற்கின்றனர். தூண்டுதல் கிடைத்தாலும் மற்ற ஆறும் இல்லாவிடில் புரதம் உருவாவது தொடர இயலாது. பால், முட்டை, இறைச்சி, பருப்பும் தானியமும் சேர்ந்த உணவு ஆகியவற்றில் ஒன்பதும் உள்ளன. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.8 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. கடும்பயிற்சி செய்வோருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை போதுமானது எனப்படுகிறது.

கிரியாட்டினின் நிலை வேறு. வாய்வழி உட்கொண்டால் தசையில் அதன் அளவு உயர்கிறது என்று 1992 இல் ரோஜர் ஹாரிஸும் அவருடைய சுவீடன் நாட்டு உடனாய்வாளர்களும் காட்டினர். குறுகிய நேரக் கடும் முயற்சிகளில் இதன் பயன் பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. லீபிக் ஆராய்ந்த பொருள்களுள் விளையாட்டுத் துணையுணவாக உண்மையிலேயே பயன்தருவது, அவர் தம் கொள்கையின் மையத்தில் வைக்காத இதுவே.

மறைவும் நினைவுகளும்

1845 இல் லீபிக்குப் பிரபுப் பட்டம் அளிக்கப்பட்டது. அதன்பின்னரே பெயரில் வான் என்பது சேர்ந்தது. 1852 இல் பவேரிய மன்னர் இரண்டாம் மாக்சிமிலியனின் அழைப்பை ஏற்று மியூனிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1859 முதல் பவேரிய அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1873 ஏப்ரல் 18 அன்று மியூனிக்கில் நுரையீரல் அழற்சியால் இறந்து, அந்நகரின் பழைய தெற்கு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

கீசென் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவருடைய பழைய ஆய்வுகூடம் 1920 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. ஃபிரே பென்டோஸ் தொழிற்சாலை 1979 இல் மூடப்பட்டது. 2015 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.